தொகுத்தவர் பெயர் தெரியவில்லை

எட்டுத்தொகை நூல்களைப் பயிலும் மாணவர் அனைவரும் தேர்வுக்கென ஒரு பட்டியலை மனனம் செய்திருப்பர். அகநானூற்றைத் தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. தொகுப்பித்தவர் பெயர் தெரியவில்லை. நற்றிணையைத் தொகுப்பித்தவன் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி. தொகுத்தவர் பெயர் தெரியவில்லை. இரண்டு மதிப்பெண் வினாவுக்குரிய இச்செய்தி, இன்று கைப்பேசியில் பாட்டுக் கேட்போர் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றாகிவிட்டது.

ஸ்வீடன் நாட்டுத் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 2006-இல் தோன்றிய ஸ்பாட்டிஃபை நிறுவனம், 2015 ஜூலை முதல், தன் நேயர் ஒவ்வொருவருக்கும் திங்கட்கிழமைதோறும் முப்பது பாடல்கள் கொண்ட தனித்தொகை ஒன்றை வழங்கி வருகிறது. ஒருவருக்கு வரும் தொகை மற்றொருவருக்கு வருவதில்லை. கோடிக்கணக்கான நேயர்களுக்குக் கோடிக்கணக்கான தொகைகள். தொகுப்பித்தவர் யார் என்பது நமக்குத் தெரியும். நிறுவனத்தின் பெயர் திரையிலேயே இருக்கிறது. தொகுத்தவர் யார்? அவர் எவ்வாறு தொகுக்கிறார்? பலவகை இசையையும் விரும்பிக் கேட்கும் ஒரு நேயருக்கு அத்தொகை எந்த அளவுக்குப் பொருந்துகிறது? இவற்றை ஈண்டு ஆராய்வோம்.

இசையோட்டம்

இசைத்தட்டும் ஒலிநாடாவும் குறுந்தகடும் நாம் விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொண்ட பொருள்கள். ஸ்ட்ரீமிங் எனப்படும் இணையவழி இசையோட்டம் அத்தகையதன்று. பாடல் வேறோர் ஊரிலுள்ள கணினியில் இருக்கிறது; நாம் கேட்கும் நேரத்தில் சிறுசிறு துண்டுகளாக வந்து, ஒலித்து, நீங்கிவிடுகிறது. இதற்குப் பாடலைச் சுருக்கும் கலை முதலில் வேண்டியிருந்தது. குறுந்தகட்டில் ஒலியானது நொடிக்கு 44,100 முறை அளந்து பதியப்படுகிறது. அவ்வாறு பதிந்த ஐந்து நிமிடப் பாடல் ஏறத்தாழ 53 மெகாபைட் இடத்தை அடைக்கும். செவி உணராத நுண்கூறுகளைக் கழித்து, நொடிக்கு 160 கிலோபிட் என்னும் அளவில் சுருக்கினால், அதே பாடல் 6 மெகாபைட்டில் அடங்கிவிடும். ஜெர்மனியில் உருவான எம்பி3 இவ்வகைச் சுருக்கமுறைகளுள் புகழ்பெற்றது.

ஸ்பாட்டிஃபை 2008-இல் ஐரோப்பாவில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. இன்று அதில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட ஒலித்தடங்கள் உள்ளன. ஒருவர் உண்ணாமல் உறங்காமல் வாழ்நாள் முழுதும் கேட்டாலும் அவற்றில் ஒரு சிறு பகுதியையே கேட்டு முடிக்க இயலும். ஆகவே, பாட்டு கிடைக்குமா என்பது பழைய தலைமுறையின் கவலை. கிடைப்பவற்றுள் எதைக் கேட்பது என்பதே இத்தலைமுறையின் கவலை.

ஒரு நேயரின் நூலகம்

நாம் நன்கறிந்த நேயர் ஒருவர், பள்ளியாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுதிப் பழகியவர். இன்று அவர் கைப்பேசியில் சேர்த்து வைத்துள்ள இசை நூலகத்தைக் காண்போர் வியப்புறுவர். நாகூர் ஈ.எம். ஹனிஃபாவின் பாடல்கள் ஒருபுறம். ஷேக் சின்ன மௌலானாவின் நாகசுர இசை மறுபுறம். விசுவநாதன் - ராமமூர்த்தி, இளையராஜா ஆகியோரின் திரைப்பாடல்கள் உள்ளன. எகிப்தின் உம்மு குல்தூம் உள்ளார். பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான் உள்ளார். ஜெர்மானிய இசைமேதை பாக் தனித்த செல்லோவுக்கென எழுதிய இசைக்கோவைகளும், அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-இல் வெளியிட்ட ‘கைண்ட் ஆஃப் புளூ’ என்னும் தொகுப்பும் உள்ளன.

இவை ஒன்றுக்கொன்று தொடர்பின்றி அள்ளிக் குவித்தவை என்று கருதுதல் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி இருக்கிறது. சான்றாக, விசுவ மோகன் பட் என்னும் இந்துஸ்தானி இசைக்கலைஞரும் ரை கூடர் என்னும் அமெரிக்கக் கிதார் கலைஞரும் இணைந்து வழங்கிய தொகுப்பு ஒன்று 1993-இல் வெளிவந்தது. மோகன வீணையை விரும்பிய நம் நேயர் அதன்வழிக் கூடரை அறிந்தார். அதே கூடர் மாலி நாட்டின் அலி ஃபர்கா டூரேயுடன் இணைந்து 1994-இல் ‘டாக்கிங் டிம்பக்டூ’ என்னும் தொகுப்பைத் தந்திருப்பதைக் கண்டார். அங்கிருந்து 1997-இல் வெளியான கியூபா நாட்டு முதுபெரும் கலைஞர்களின் ‘புவேனா விஸ்தா சோஷியல் கிளப்’ என்னும் தொகுப்புக்குச் சென்றார். அதன் உருவாக்கத்திலும் கூடருக்குப் பங்குண்டு. ஒரே கலைஞரின் கையைப் பற்றிக்கொண்டு மூன்று கண்டங்களைச் சுற்றிவிட்டார் எனின் மிகையன்று.

அவர் தாமே கோத்து வைத்துள்ள பாடல் வரிசைகள் இதனினும் சுவையானவை. ஒன்றன் பெயர் ‘வியாழன் இரவு’. உம்மு குல்தூமின் இசையரங்குகள் பல்லாண்டுகள் கெய்ரோ வானொலியில் மாதத்தின் முதல் வியாழனன்று ஒலிபரப்பாயின. தில்லி நிஜாமுதீன் தர்காவில் வியாழன் மாலைதோறும் கவ்வாலி பாடப்படுகிறது. இவ்விரண்டையும் இணைப்பது கிழமை ஒன்றே. மற்றொரு வரிசையின் பெயர் ‘திறந்தவெளி’. அதில் நாகசுரத்தை அடுத்து ஹனிஃபாவின் பாடல் வருகிறது. வீதியுலாவுக்கும் கோயில் வெளிக்கும் உரிய கருவி நாகசுரம். மாபெரும் மேடைகளில் கடைசி வரிசை வரை சென்று ஒலித்தது ஹனிஃபாவின் குரல். கூரையில்லாத இடத்தில் பிறந்த ஒலிகள் இவை என்பது நேயரின் கருத்து. அக்கருத்தை ஏற்பதும் மறுப்பதும் கேட்போர் விருப்பம். ஆனால் கோத்தவர் மனத்தில் ஒரு காரணம் இருந்தது என்பதே நமக்கு வேண்டுவது. ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை, இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல் என்று அகநானூற்றை அடுக்கியவர் மனத்திலும் ஒரு காரணம் இருந்தது.

பொறி தொகுக்கும் முறை

இனி, திங்கட்கிழமைத் தொகைக்கு வருவோம். அதனைத் தொகுப்பது கணினிப் படிமுறை. அல்காரிதம் என்று வழங்கும் இச்சொல், கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மீயின் பெயர் லத்தீனில் திரிந்ததனால் பிறந்தது என்பது நம் மாணவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

இப்படிமுறையின் முதற்கூறு மிக எளியது. ஒரு கல்லூரி விடுதியில் நூறு மாணவர் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் கேட்ட பாடல்களை ஒரு பேரேட்டில் குறிக்கிறோம். அப்துல்லாவும் முருகனும் கேட்ட இருபது பாடல்களில் பதினெட்டு ஒன்றாயிருக்கின்றன. முருகன் கேட்டு அப்துல்லா கேளாத இரண்டு பாடல்கள் எஞ்சுகின்றன. அவ்விரண்டையும் அப்துல்லாவுக்குப் பரிந்துரைக்கலாம் அல்லவா? பாடல் எப்படிப்பட்டது என்று எவரும் கேட்டுப் பார்க்கவில்லை; பேரேட்டைப் பார்த்ததே போதுமானதாயிற்று. இதற்குக் கூட்டுவடிகட்டல் என்று பெயர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1994-இல் ‘ரிங்கோ’ என்னும் அமைப்பு இம்முறையில் இசையைப் பரிந்துரைத்தது. நேயர்கள் தாம் அறிந்த கலைஞர்களுக்கு ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண் இட்டு மின்னஞ்சலில் அனுப்புவர். பரிந்துரை மின்னஞ்சலிலேயே திரும்பி வரும். நேயர் விருப்ப அஞ்சலட்டையின் தம்பி என்று இதனைக் கூறலாம்.

இன்று எவரும் மதிப்பெண் இடுவதில்லை. நம் செயல்களே மதிப்பெண்களாகின்றன. ஒரு பாடலை முழுதும் கேட்டோமா, தொடங்கிய சில நொடிகளில் தாண்டினோமா, மறுமுறை தேடினோமா, நூலகத்தில் சேர்த்தோமா என்பன யாவும் குறிக்கப்படுகின்றன. வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து, பேரப்பிள்ளைகள் அதில் குழந்தைப் பாடல்களை நாள் முழுதும் ஓடவிட்டால், அடுத்த திங்கட்கிழமை தாத்தாவுக்குக் காக்கையும் நிலாவும் வந்து சேர்வது இதனாலேதான். இத்தொல்லையைத் தவிர்க்க, குறிப்பிட்ட பாடல் வரிசையைச் சுவைக் கணக்கிலிருந்து விலக்கி வைக்கும் வசதி 2023-இல் தரப்பட்டது.

பேரேடு மட்டும் போதாது. ஒருவரும் கேளாத புதிய பாடலுக்குப் பேரேட்டில் வரியே இராது. ஆகவே பாடலின் ஒலியையே அலசித் தாளத்தின் விரைவு, சுருதி, ஓசையின் அடர்த்தி முதலியவற்றை எண்களாக்கும் முறை கையாளப்படுகிறது. இசையைப் பற்றி மக்கள் இணையத்தில் எழுதுவனவற்றைத் திரட்டிப் படிக்கும் முறையும் உண்டு. இவ்விரண்டிலும் தேர்ந்த ‘தி எக்கோ நெஸ்ட்’ என்னும் நிறுவனத்தை 2014-இல் ஸ்பாட்டிஃபை விலைக்கு வாங்கியது. இம்மூன்றும் சேர்ந்ததே நாம் தேடிய தொகுப்பாளர். அவருக்குப் பெயர் இல்லை. ஒருவகையில், நம்மைப்போலவே பாட்டுக் கேட்ட இலட்சக்கணக்கான முகமறியா மனிதரே அவர்.

பல்சுவை நேயரும் பொறியும்

ஒரே வகை இசையைக் கேட்பவருக்கு இப்பொறி அரிய துணை என்பதில் ஐயமில்லை. 1970-களின் திரைப்பாடல்களை மட்டும் விரும்புவார்க்கு, மறந்துபோன பல பாடல்களை அது தேடித் தந்துவிடும். பலவகை இசையை விரும்புவாரிடத்தில்தான் சிக்கல் தோன்றுகிறது. பாக்கையும் ஹனிஃபாவையும் உம்மு குல்தூமையும் கேட்பவரின் சுவையைச் சராசரி எடுத்தால் எஞ்சுவது என்ன? எவரும் விரும்பாத ஏதோ ஒன்று எஞ்சும். பொறியை ஆக்கியோரும் இதனை அறிவர். ஆதலால் 2016-இல் ‘டெய்லி மிக்ஸ்’ என்னும் பெயரில், ஒரே நேயரின் சுவையைப் பல குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கொரு வரிசையாக வழங்கத் தொடங்கினர். நம் நேயருக்குக் கருநாடக இசைக்கு ஒன்று, அரபு இசைக்கு ஒன்று, ஜாஸுக்கு ஒன்று, பக்திப் பாடல்களுக்கு ஒன்று என வருகின்றன. ஒவ்வொன்றும் தன்னளவில் நன்றாகவே இருக்கிறது.

ஆனால் ‘வியாழன் இரவு’ வருவதில்லை, ‘திறந்தவெளி’யும் வருவதில்லை. ஒரு மனிதரை ஆறு மனிதராக்கி, ஆறுபேருக்கும் தனித்தனியே விருந்து படைக்கிறது பொறி. அந்த ஆறுபேரும் ஒரே வீட்டில் வாழ்கின்றனர், ஒருவரோடொருவர் உரையாடுகின்றனர் என்பது அதற்குத் தெரியாது. கிழமையால் இணைந்த இரண்டு பாடல்களின் இணைப்பு, ஒலியலையில் இல்லை, பேரேட்டிலும் இல்லை. எழுதப்படாத காரணத்தைப் பொறியால் படிக்க இயலாது. தமிழிசை பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை குறைவாயிருப்பதால் இக்குறை நமக்கு இன்னும் மிகுதி.

இது நம் கற்பனையன்று என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஸ்பாட்டிஃபை நிறுவனத்தாரும் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளரும் இணைந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வொன்று, பொறியின் பரிந்துரைவழிக் கேட்டல் குறைந்த பன்மையோடு தொடர்புடையது எனக் கண்டது. காலப்போக்கில் தம் இரசனையை விரித்துக்கொண்ட நேயர்கள், பொறி காட்டும் வழியைக் குறைத்துத் தாமே தேடிக் கேட்பதை மிகுத்தவர்களாய் இருந்தனர். குறுகிய சுவையினரிடத்திலேயே பரிந்துரை நன்கு பலித்தது என்பதும் அவ்வாய்வின் முடிபு. நிறுவனத்தின் உள்ளிருந்தே இம்முடிபு வெளிப்பட்டமை பாராட்டுக்குரியது.

முப்பது நொடிக் கணக்கு

பாடல் ஒன்று முப்பது நொடிகள் ஒலித்துவிட்டால் அது ஒருமுறை கேட்கப்பட்டதாகக் கணக்கு. உரிமையாளர்க்குச் சேரும் தொகை இக்கணக்கைப் பொறுத்தது. சந்தாவும் விளம்பரமும் சேர்ந்த வருவாயில் உரிமையாளர்க்கென ஒதுக்கிய பகுதி, மொத்தக் கேட்பெண்ணிக்கையில் அவரவர் பங்குக்கேற்பப் பிரிக்கப்படுகிறது. ஆகவே நம் நேயர் ஒரு திங்கள் முழுதும் நாகசுரமே கேட்டாலும், அவர் செலுத்திய சந்தாவின் பெரும்பகுதி நாடெங்கும் மிகுதியாகக் கேட்கப்பட்ட பாடல்களின் உரிமையாளர்க்கே போய்ச் சேரும். நேயர் செலுத்துவது அவர் கேட்ட கலைஞர்க்கே செல்லும் வேறு முறையும் உண்டு. சவுண்ட்கிளவுட் என்னும் தளம் 2021-இல் அதனைத் தனிக்கலைஞர்க்கென நடைமுறைப்படுத்தியது.

உம்மு குல்தூமின் பாடல் ஒன்று ஒரு மணி நேரம் வரையிலும் நீளும். அது ஒரே தடமாக இருப்பின் ஒரு கேட்பு. அதே ஒரு மணி நேரத்தில் மூன்று நிமிடப் பாட்டு இருபது கேட்புகளாகிவிடும். விரிவான இராக ஆலாபனைக்கும் இதே நிலைதான். நீண்ட வடிவங்களுக்கு இக்கணக்கு இயல்பாகவே எதிரானது. எவரும் தீங்கு நினைத்து வகுத்ததன்று. ஆயினும் விளைவு விளைவே. மேலும், 2024 முதல், பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறையேனும் கேட்கப்படாத தடத்துக்கு ஸ்பாட்டிஃபையில் உரிமைத்தொகை இல்லை. ஊர்ப்புறக் கலைஞர் ஒருவரின் அரிய பதிவை ஆண்டுக்கு எழுநூறு முறை கேட்டாலும் கணக்கில் அது சுழியமே.

நூலகம் என்று நாம் அழைப்பது உண்மையில் நம்முடையதன்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. கனடா நாட்டுப் பாடகர் நீல் யங், கருத்து வேறுபாட்டால் 2022 ஜனவரியில் தம் பாடல்களை ஸ்பாட்டிஃபையிலிருந்து விலக்கிக்கொண்டார். 2024-இல் மீண்டும் தந்தார். இடைப்பட்ட காலத்தில் நேயர்களின் வரிசைகளில் அவர் பாடல்கள் ஒலிக்கவில்லை. இந்தியாவில் பெரிதும் வழங்கிவந்த விங்க் மியூசிக் என்னும் செயலியே 2024-இல் மூடப்பட்டது. வீட்டு அலமாரியிலுள்ள ஒலிநாடாவில் பூஞ்சை பிடிக்கலாம்; அதனை எவரும் இரவோடிரவாக எடுத்துச் செல்வதில்லை.

பெயர்கள்

இசையோட்டத் தளங்கள் மேலைநாட்டு முறைப்படிக் கலைஞர், தொகுப்பு, தடம் என்னும் மூன்று பெட்டிகளில் இசையை அடுக்குகின்றன. நம் இசை இப்பெட்டிகளில் எளிதில் அடங்குவதில்லை. 1961-இல் வெளிவந்த ‘பாவமன்னிப்பு’ திரைப்படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் ஹனிஃபா ஒரு பாடல் பாடியிருக்கிறார். அதன் கலைஞர் யார்? பாடியவர் இருவரா, இசையமைத்த இருவரா, எழுதியவரா? அதற்குமேல், ஹனிஃபாவின் பெயரை ஆங்கில எழுத்தில் பலர் பலவாறு எழுதுகின்றனர். நாகூர் என்னும் ஊர்ப்பெயருக்கும் இரண்டு மூன்று எழுத்துமுறைகள். எழுத்து மாறினால் பொறிக்கு ஆள் மாறிவிடுகிறார். ஒருவரையே இருவராகக் கருதும் பொறி, அவர்தம் பேரேட்டையும் இரண்டாகப் பிளந்துவிடும்.

மிகுந்த இழப்பு பாடலாசிரியர்க்கே நேர்கிறது. தமிழ்த்துறையார் கவலைகொள்ள வேண்டிய இடம் இது. இசைத்தட்டின் நடுவே ஒட்டிய தாளிலும் ஒலிநாடாவின் உறையிலும் இயற்றியவர் பெயரைக் கண்ட நினைவு மூத்தோர் பலருக்கு இருக்கும். கைப்பேசித் திரையில் பாடுபவர் படம் பெரிதாக நிற்கிறது. இயற்றியவர் பெயரைத் தேடி இரண்டு மூன்று படி உள்ளே செல்ல வேண்டும். சென்றாலும் பல பழைய பாடல்களுக்கு அவ்விடம் வெறுமையாகவே உள்ளது. இஸ்லாமியத் தமிழ்ப் பாடல்கள் இவ்வகையில் பெரிதும் பாதிக்கப்பட்டவை. சிற்றூர்ப் புலவர் பலர் இயற்றித் தந்தவை பாடியவர் பெயராலேயே வழங்கிவிட்டன.

நம் நேயர் இதற்கென ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். தாம் கோத்த ஒவ்வொரு வரிசையையும் அதில் கையால் எழுதி, பாடியவர், இயற்றியவர், இசை, ஆண்டு, அடுத்த பாடலோடு இதனைச் சேர்த்தமைக்கான காரணம் என ஐந்து பத்திகள் இட்டுள்ளார். ‘திறந்தவெளி’ வரிசையில் காரணப் பத்தி முழுதும் நிரம்பியிருக்கிறது. இயற்றியவர் பத்தியில் மட்டும் ஹனிஃபாவின் பாடல்கள் சிலவற்றுக்கு எதிரே பென்சிலால் கோடு போட்டு இடம் விட்டிருக்கிறார். நாகூரிலும் காரைக்காலிலும் உள்ள முதியோரைக் கண்டு கேட்டு நிரப்புவதாகக் கூறினார். இம்மலரைக் காணும் பெரியோர்தம் வீட்டில் பழைய இசைத்தட்டோ பாட்டுப் புத்தகமோ இருக்குமாயின், அதில் இயற்றியவர் பெயர் அச்சிட்ட பக்கத்தைப் படியெடுத்துத் துறைக்கு அனுப்பி உதவுமாறு வேண்டுகிறோம். அந்நோட்டில் அவற்றைச் சேர்ப்பிக்கும் பொறுப்பு நம்முடையது.